தலைவலி காணப்பட்டது

அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய, அந்த ஜன்னல் ஷட்டரைப் பாதி எறக்கி விடுதீயளா? காத்து வரட்டும், வெயிலு வேண்டாம். எனக்கு வலது கண்ணுல வெயிலு அடிக்கக் கூடாது. ஆங், அவ்வளவுதான். நல்லா இருப்பீய.

கடலமிட்டாயா? வேண்டாம் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. சுகரெல்லாம் இல்ல. எல்லாரும் அதத்தான் கேக்காங்க. ஒரு மனுசன் மிட்டாய் வேண்டாம்னு சொன்னா ஒடனே சுகரு. எனக்கு ஒத்தத் தலவலி. நிலக்கடல தின்னேன்னா பொழுது அடையதுக்குள்ள வலது பொட்டுல ஆரம்பிச்சிரும். சிரிக்காதீய. தலவலிக்கும் கடலைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கப் போறீய. இந்தப் பக்கத்துல தலவலின்னு வாயத் தொறந்தா ஒருத்தன் சுக்கு அரைச்சுப் பத்து போடுங்கான், ஒருத்தன் கண்ணாடிய மாத்துங்கான், ஒருத்தன் குத்தாலத்துல போயி ஒருநா முழுக்க அருவியில நில்லுங்கான். எங்க ஹெட்மாஸ்டர் என்ன சொன்னாரு தெரியுமா? "பிரமநாயகம், தலவலி எல்லாருக்குந்தான் வருது, நாங்க லீவா போடுதோம்?" அந்த ஆளு மேசையில ரெண்டு துண்டு சோடியத்தப் போட்டுத் தண்ணிய ஊத்திட்டு வந்துரலாமான்னு இருந்துச்சு. லேப்பு சாவி எங்கிட்டதான் இருக்கு.

பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டண்ட், அண்ணாச்சி. வீரவநல்லூர். இருபத்தெட்டு வருசமா ஆசிட்டு, பியூரெட்டு, பிள்ளைகளோட ரெக்கார்டு நோட்டு, இதுதான் பொழப்பு. ஆனா ஊருக்குள்ள வந்து லேப் அசிஸ்டண்ட் வீடு எதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. பூப்பந்து பிரமநாயகம்னு கேளுங்க, சின்னப் புள்ள கூடக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும். அஞ்சு பேரு ஆட்டம். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, நடுவுல ஒருத்தன். அந்த நடுவுல நிக்கவன் நான். அம்பத்திமூணு வயசாவுது. இன்னும் அந்த எடத்த ஒருத்தனுக்கும் விட்டுக் குடுக்கல.

விட்டுக் குடுக்கலன்னு சொல்லுதேன். போன வருசம் விட்டுக் குடுக்க வச்சுட்டாங்களே! அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மாவட்டப் போட்டி, பாளையங்கோட்டையில. அரையிறுதி. நல்லா ஆடிக்கிட்டு இருக்கேன். திடீர்னு வலது கண்ணுல ஜிலுஜிலுன்னு ஒரு கோடு. மஞ்சப் பந்து மூணா வருது. நடுப் பந்த அடிச்சேன். அது பந்தே இல்ல. அஞ்சு பாயிண்டு வரிசையாப் போச்சு. எங்க கேப்டன் ஞானதுரை, ரிட்டயர்டு போஸ்ட்மேன், கையத் தூக்கி ஆள மாத்திட்டாரு. நான் கிரவுண்டு ஓரத்துல குனிஞ்சு வாந்தி எடுக்கேன். எதுத்த டீம்காரன் ஒருத்தன் சொல்லுதான், "காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துருக்காரு போல." என்னையப் பாத்து! சோடா கூடக் குடிக்காதவன் நான். அன்னைக்கு வந்த கோவம் இன்னும் எறங்கல, பாத்துக்கிடுங்க.

அதுக்குப் பொறவுதான் ஜங்ஷன்ல ஒரு நரம்பு டாக்டரம்மாவப் போயிப் பாத்தேன். ரெஜினான்னு பேரு. மாத்திர எழுதிக் குடுத்துச்சு. அதோட அச்சடிச்ச தாளு ஒண்ணு. எதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு. சீஸு. செவப்பு ஒயினு. சாக்லேட்டு. பதப்படுத்துன எறச்சி. வீரவநல்லூர்ல சீஸு எந்தக் கடையில விக்கி, சொல்லுங்க பாப்போம்? முட்ட கூடத் தொடாதவங்கிட்டப் போயி ஒயினக் குடிக்காதேன்னா? எவனோ சீமையில கெடக்கவனுக்கு வந்த தலவலிக்கு எழுதுனத எங்கையில தந்து விடுதாங்க. கசக்கி எறியப் போனேன். அடியில ஒரு வரி இருந்துச்சு. உங்களுக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறிப்பேட்டில் தினமும் எழுதிக் கண்டறியவும்.

ஆகா, இது நம்ம சோலியில்லா!

அண்ணாச்சி, சோதனைன்னு வந்துட்டா எனக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்டு வாரத்துக்குத் தயிரு கெடையாது, மத்ததெல்லாம் உண்டு. அப்புறம் ரெண்டு வாரத்துக்குத் தக்காளி கெடையாது. வந்தா வந்துச்சுன்னு எழுது, வரலன்னா வரலன்னு எழுது. ஆனா ஒரு சங்கடம். தலவலி வந்தா என்னால வெள்ளத் தாளப் பாக்க முடியாது. பாத்தாலே கொமட்டும். அதனால எழுதுத வேலய வீட்டுல அவகிட்டக் குடுத்தேன். பத்தாப்பு வர படிச்சவ. கையெழுத்து மணிமணியா இருக்கும்.

மொத நாளு என்ன எழுதியிருந்தா தெரியுமா? "இன்னைக்கு அவுகளுக்கு ரொம்ப முடியல. பாவமா இருந்துச்சு. ரசமும் சோறும் குடுத்தேன்." எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "ஏட்டி, இது ரெக்கார்டா, ஒங்க ஆத்தாளுக்கு எழுதுத லெட்டரா? அவுகளும் வேண்டாம், இவுகளும் வேண்டாம். பாவமெல்லாம் எழுதப்பிடாது. பிள்ளைங்க ரெக்கார்டுல எப்படி எழுதுதாங்க? கரைசல் சூடாக்கப்பட்டது, நிறம் மாறியது. யாரு சூடாக்குனா? அது தேவையில்ல. கண்டத மட்டும் எழுது. தலைவலி காணப்பட்டது. எத்தன மணி, எந்தப் பக்கம், முன்னால என்ன சாப்பாடு. தீந்துச்சு." இப்படித்தான் சொன்னேன். தப்பா, சொல்லுங்க? மூணே நாள்ல பிடிச்சுக்கிட்டா. அதுக்குப் பொறவு ஒரு வார்த்த கூடுதலா இருக்காது.

எட்டு மாசம் அண்ணாச்சி. விளையாட்டு இல்ல. எனக்கு எதெது சத்துருன்னு ஒண்ணொண்ணாக் கண்டுபிடிச்சேன். புளிச்ச மாவு. ரெண்டு நாளுத் தயிரு. நிலக்கடல. எலுமிச்சங்கா ஊறுகா. தக்காளி கூடக் கொஞ்சம் பொறுக்கும், புளிச்ச மாவு பொறுக்கவே பொறுக்காது. இட்லி தோச இல்லாம நம்ம ஊருல ஒருத்தன் உசுரோட இருக்கணும்னா எவ்வளவு வைராக்கியம் வேணும், யோசிச்சுப் பாருங்க. தெனமும் இடியாப்பம். அன்னன்னைக்கு மாவு வறுத்து, அன்னன்னைக்குப் பிழிஞ்சு. காலையில ஏழரைக்குத் தட்டுல இருக்கணும். பசி எடுக்க விடக் கூடாதுல்லா, பசிச்சா அது வேற தலவலி. மத்தியானம் பன்னெண்டரைக்குத் தூக்குவாளி பள்ளிக்கூடத்துக்கு வந்துரணும். சாயங்காலம் ஆடப் போறதுக்கு முன்னால அஞ்சு மணிக்கு அவிச்ச பயறு. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு. நிமிசம் தப்பக் கூடாது. தப்புனா நான் சத்தம் போடுவேன். போடத்தான் செய்வேன். என் தலயில்லா!

அவ பாடு தேவல. அவளுக்கு ஒரு கட்டுப்பாடும் கெடையாது. காலையில எல்லாம் முடிச்சு, தூக்குவாளிய அனுப்பிட்டு, பன்னெண்டோ ஒண்ணோ, நின்னுக்கிட்டே ஒரு வாயி. நான் வேண்டாம்னு ஒதுக்குனதெல்லாம் வீணாப் போகக் கூடாதுன்னு அவதான் சாப்பிட்டுத் தீப்பா. வாரத்துக்கு ஒருக்க மாவாட்டி வச்சுக்கிடுவா, கடைசி நாளு அது காடியாப் புளிச்சுக் கெடக்கும், அதையும் ஊத்தப்பமா ஊத்தித் தின்னுருவா. அந்தத் தயிரு, அந்த ஊறுகா, பூராவும். இரும்பு ஒடம்பு. எனக்கு அதப் பாத்தா பொறாமையாக் கூட இருக்கும்.

சோதன பலிச்சுது அண்ணாச்சி. மாசத்துக்கு ஒம்போது தடவ வந்தது ரெண்டுக்கு எறங்கிச்சு. சாயங்காலம் ஒருநா விடாம கிரவுண்டு. ஞானதுரையே சொல்லிட்டாரு, "பெரமு, இந்த வருசம் நடுவுல நீதான்." கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு.

ஆனா போட்டி நடத்துதவங்க புதுசா ஒண்ணக் கொண்டாந்துட்டாங்க. வயசானவங்கள்லா, எவனாவது கிரவுண்டுல விழுந்து தொலைச்சா என்ன பண்ணன்னு, எல்லாரும் டாக்டர்ட்ட பிட்னஸ் சர்டிபிகேட்டு வாங்கியாரணுமாம். போன வருசம் நான் வாந்தி எடுத்தது அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "உமக்கு மட்டும் அந்தத் தலவலி டாக்டரே எழுதித் தரட்டும்"னுட்டாங்க. சரி, எனக்கென்ன பயம்? எட்டு மாச ரெக்கார்டு கையில இருக்கு. நோட்டத் தூக்கிக்கிட்டுப் போனேன். அந்தம்மா முன்னால ராசா கணக்கா உக்காந்திருக்கேன்.

அந்தம்மா நோட்டப் புரட்டுது. புரட்டுது. மொகம் மாறுது. "போன மாசம் மட்டும் பதினொண்ணு இருக்கே சார்"ங்குது.

"என்ன பதினொண்ணு?"

"அட்டாக். பதினொரு தடவை தலைவலி காணப்பட்டதுன்னு எழுதியிருக்கு. நாலு தடவை வாந்தி. முதல் மாசம் பத்து, அப்புறம் பன்னெண்டு, பன்னெண்டு, பதினொண்ணு. டயட்னால ஒண்ணும் குறையலையே. இந்த நிலைமையில வெயில்ல ஆடலாம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"அம்மா, எனக்கு வந்தது ரெண்டே ரெண்டு"ங்கேன். "உங்க நோட்டுதானே சார்?"ங்குது. "என் நோட்டுதான்." "நீங்க இதப் படிக்கறதே இல்லையா?"ன்னு கேட்டுச்சு. என் தலவலிய நான் எதுக்கு அண்ணாச்சி படிக்கணும்? வந்தவனுக்குத் தெரியாதா? அந்தம்மா பேனாவ மூடி வச்சுட்டுது. நோட்டப் பிடுங்கிப் பாக்கேன். மணிமணியா எழுதியிருக்கு. மதியம் மூன்று மணி. இடப்பக்கம். முன் உணவு, ஊத்தப்பம். தலைவலி காணப்பட்டது. இடப்பக்கம்! எனக்கு இடப்பக்கம் வாரதே கெடையாது!

வீட்டுக்கு வந்து குதிச்ச குதியில பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. "ஏட்டி, யாரு தலவலிய யாரு நோட்டுல எழுதி வச்சிருக்க?" அவ பைய்யச் சொல்லுதா, "தலவலி கண்டா எழுதுன்னுதான சொன்னீய. கண்டேன், எழுதுனேன்." கேட்டீயளா பதில? எட்டு மாசச் சோதன அண்ணாச்சி! ஒரு குடுவையில நாம ஒரு கரைசல வச்சிருக்கோம், எவனோ பக்கத்துக் குடுவையில உள்ளதையும் அதுக்குள்ள ஊத்திட்டுப் போனா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு எனக்கு.

மறுநாளே அவளக் கூட்டிக்கிட்டு வந்தேன், இதே பஸ்ஸுல. ஒரு வார்த்த, "அது எனக்கு வந்தது, அவுகளுக்கு வந்தது இல்ல"ன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டா போதும், கையெழுத்து கெடச்சுரும், போயிரலாம். சாட்சி சொல்லத்தான் கூட்டிட்டுப் போனேன். அவளும் சொன்னா. சொல்லி முடிச்சாளா, அந்தம்மா நாற்காலிய அவ பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காந்துட்டுது. எனக்கு முதுகு. "உங்க பேரென்ன?" "குழல்வாய்மொழி." "நல்ல பேரும்மா. எத்தன வருஷமா இருக்கு இந்தத் தலைவலி?"

அவ என்னையப் பாக்கா. நான் என்னத்தக் கண்டேன்? "சொல்லேன்"னேன். "மூத்தவ வயித்துல இருக்கையில இருந்து. மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வரும், இந்த எட்டு மாசத்துல கூடிக் கூடி ஒம்போது ஆயிட்டு"ங்கா. மூத்தவளுக்கு இருவத்தஞ்சு நடக்கு அண்ணாச்சி. இருவத்தஞ்சு வருசம்! ஒரே வீடு, ஒரே கூரை, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. எனக்கு அந்த எடத்துலயே மானம் போச்சு. அந்தம்மா என்னையத் திரும்பிக் கூடப் பாக்கல. எத்தன மணிக்குச் சாப்பிடுதீய, என்ன சாப்பிடுதீய, எப்பத் தூங்குதீய, நடக்கீயளா, கொள்ளீயளா... ஒண்ணொண்ணாக் கேக்குது. இவளும் ஒண்ணொண்ணாச் சொல்லுதா. எங்கிட்ட ஒரு நாள்ல அத்தன வார்த்த பேச மாட்டா. அந்தம்மா என் நோட்டையும் அவ சொல்லுததையும் வச்சுப் பாத்துட்டுக் கேக்குது, "உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்கலைன்னு கண்டுபிடிச்சதையெல்லாம் நீங்க சாப்பிடறீங்களா?" இவ சொல்லுதா, "வீணாப் போகுமேம்மா."

முக்கா மணி நேரம். நான் என் சர்டிபிகேட்டு பாரத்தக் கையில வச்சுக்கிட்டு பியூன் மாதிரி உக்காந்திருக்கேன். ஒரு தடவ இருமிக் கூடப் பாத்தேன்.

கடைசியில என் பக்கம் திரும்பிச்சு. "சார், உங்களுக்குக் கையெழுத்துப் போடறேன். ஆனா முப்பது நாள் கழிச்சு. இந்த முப்பது நாளும் இவங்க நேரத்துக்குச் சாப்பிடணும். தினம் அரை மணி நேரம் நடக்கணும். இவங்க நோட்ட நீங்க எழுதணும். அதக் கொண்டுவாங்க, பார்த்துட்டுப் போடறேன்." இது எந்த ஊரு நியாயம்? எனக்கு ஒடம்பு நல்லாருக்கா இல்லியா, அதத்தான பாக்கணும்? எங்கையில அவ நோட்டு எதுக்கு? சண்டை போட்டேன். "உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்னு உங்க நோட்டே சொல்லுது சார், அதனாலதான் கேக்கறேன்"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டுது.

அந்த முப்பதாவது நாளு இன்னைக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சர்டிபிகேட்ட பாளையங்கோட்டையில கொண்டு குடுக்கணும். ஞாயித்துக்கெழம ஆட்டம். ஞானதுரை காலையில இருந்து மூணு போன் அடிச்சுட்டாரு.

எழுதாம என்ன? எழுதுனேன். சர்டிபிகேட்டு வேணும்லா. இன்னா, பையிலதான் இருக்கு, நீங்களே பாருங்க. ஒருநா விடல. தெனமும் காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, "ஏட்டி, ஏதாவது உண்டா?"ன்னு கேப்பேன். "ஒண்ணுமில்ல"ம்பா. ஒன்றுமில்லைன்னு எழுதிருவேன். ஒண்ணாந்தேதி, ஒன்றுமில்லை. ரெண்டாந்தேதி, ஒன்றுமில்லை. அப்படியே பாத்துக்கிட்டே வாங்க. முப்பது நாளும் ஒன்றுமில்லை. மாசத்துக்கு ஒம்போது வருதுன்னு அங்க போயி அந்தம்மாகிட்ட அத்தன கத சொன்னாளே, எங்க போச்சு அந்த ஒம்போது? ஒண்ணு கூட வரல. இதக் கொண்டுபோயி அந்தம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன். "பாருங்கம்மா, எங்க வீட்டுல ஒரு கொறையும் கெடையாது"ன்னு சொல்லுவேன்.

சாப்பாடா? அது எழுதல. நேரத்துக்குச் சாப்பிட்டியான்னு கேட்டா ஆங்குவா. நடந்தியான்னா ஆங்குவா. எனக்குச் சாயங்காலம் கிரவுண்டு இருக்கு, நான் பின்னாலயே போயிப் பாக்க முடியுமா?

என்ன கேட்டீய? கேட்டு எழுதுனீயளா, பாத்து எழுதுனீயளாவா?

அண்ணாச்சி, இது என்ன கேள்வி? அவ தலவலிய அவகிட்டதான கேக்க முடியும்? தலவலி என்ன வெளிய தெரியுத சாமானா? நீங்க வேற. எனக்கே இன்னைக்கு மனசு சரியில்ல. இன்னைக்குனு பாத்துக் காலையில இடியாப்பம் இல்ல. எட்டு ஒம்போது மாசத்துல மொதத் தடவ. இவ்வளவு முக்கியமான நாளு, மேசையில நேத்து வாங்குன ரொட்டி கெடக்கு. அவ உள்ள படுத்திருக்கா. ரெண்டு ஜன்னலையும் சாத்திட்டு. தலையில துண்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு, சொவரப் பாத்து. "என்னட்டி"ன்னேன். "ஒண்ணுமில்ல, நீங்க போயிட்டு வாங்க"ன்னா. ஒன்றுமில்லைன்னு எழுதிட்டு வண்டியப் பிடிச்சேன். அதுக்கு முன்னால வெள்ளனயே எந்திரிச்சு பின்கட்டுல கொழாயத் தொறந்து விட்டுட்டு நின்னா. தண்ணி சோன்னு ஊத்துது. "தண்ணி வீணாப் போவுது, என்னட்டி பண்ணுத அங்கன?"ன்னு படுத்த எடத்துல இருந்தே சத்தம் போட்டேன்.

கொழாயத் தொறந்து விட்டுட்டு...

இருங்க. அந்த நோட்டக் குடுங்க.

அண்ணாச்சி, வாந்தி வந்தா நானும் கொழாயத் தொறந்து விடுவேன். பள்ளிக்கூடத்துல. லேப்புல உள்ள சிங்க்குல. பிள்ளைகளுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

இந்தப் பாருங்க, இருவத்திரெண்டாந்தேதி. அன்னைக்கு டிவி சத்தத்தக் கொறைங்கன்னா. ஒனக்கென்ன காது அவ்வளவு கூர்மையான்னு கேட்டேன். பதினஞ்சு. தாளிக்கையில சேலத் தலப்பால மூக்க மூடிக்கிட்டு நின்னா, நான் பாத்துக்கிட்டே சாப்பிடுதேன். பதினொண்ணு. கரண்டு பில்லப் படிச்சுச் சொல்லுன்னு குடுத்தேன், தாளத் திருப்பித் தந்துட்டு, எழுத்து ஆடுதுன்னா. எழுத்து ஆடுதுன்னு சொன்னா! கண்ணாடிய மாத்துன்னேன். நான் சொன்னேன் அண்ணாச்சி, இந்த வாயால, கண்ணாடிய மாத்துன்னு. ஆறாந்தேதி... ஆறாந்தேதி கையில உள்ள தோசக்கரண்டியோட அப்படியே தரையில உக்காந்தா. எல்லாத்தையும் பாத்துருக்கேன். பூராவும் எங் கண்ணு முன்னாலதான் நடந்துருக்கு. கண்டத எழுதுன்னு ஊருல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் இருவத்தெட்டு வருசமாச் சொல்லிக் குடுக்க மூதி, முப்பது நாளும் என்னத்த எழுதி வச்சிருக்கேன், பாருங்க!

எனக்கு அவ மேலதான் ஆத்திரமா வருது. சொல்லித் தொலைச்சா என்ன? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா? டாக்டர்ட்ட சொல்லத் தெரியுது, நோட்டுல எழுதத் தெரியுது, கட்டுனவங்கிட்டச் சொல்ல மட்டும் நாக்கு எழும்ப மாட்டேங்குது. நான் என்ன புலியா, கடிச்சா தின்னுருவேன்? சத்தம் போடுவேன், அவ்வளவுதான. சத்தம் போடுதவன்கிட்டச் சொல்லக் கூடாதா?

எந்த எடம் இது? பேட்டையா?

கண்டக்டரே, ஆள் எறங்கணும்! ஜங்ஷன் வர டிக்கெட்டு எடுத்தா என்னவே, எறங்கக் கூடாதுன்னு சட்டமா? நிறுத்தும்யா!

இல்ல அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு இல்ல. இந்த நோட்ட அங்க கொண்டு போக எனக்கு மொகம் இல்ல. ஞானதுரை கத்துவாரு, கத்தட்டும். எதுத்தாப்புல வார அம்பை வண்டியப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். போயி அந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்து, பைய்ய, சத்தம் போடாமக் கேக்கணும்.

கேட்டா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒண்ணுமில்லம்பா.